மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வீட்டில் ஓர் அறையிலேயே பாடிப் பதிவு செய்கிறேன், அண்மையில் பாட்காஸ்ட்டும் தொடங்கியிருக்கிறேன். ஸ்டுடியோக்களில் பார்த்த ஆசையில், பெரிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினேன். குரலின் நுணுக்கங்கள் நன்றாகக் கேட்கின்றன. ஆனால் காலி அறையில் நின்று பேசுவதுபோல் எதிரொலிப்பும், மின்விசிறியின் இரைச்சலும் கூடவே பதிவாகின்றன. டைனமிக் மைக்குக்கு மாறினால் இக்குறை தீருமா?

பதில்: ஓரளவு தீரும், ஆனால் பலரும் நினைக்கும் காரணத்தால் அல்ல. காரணம் தெரியாமல் மாறினால் புதிய மைக்கிலும் இதே குறை தொடரும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இ. சி. வென்ட் 1916-இல் உருவாக்கிய கண்டென்சர் மைக்கில், உலோகம் பூசிய மிக மெல்லிய சவ்வு ஒன்று, அசையாத தகட்டுக்கு மிக அருகில் மின்னேற்றத்தோடு நிற்கிறது. குரல் எழுப்பும் காற்றழுத்தத்தில் சவ்வு அசைய, இரண்டுக்கும் இடையிலான மின்தேக்கம் மாறுகிறது. அந்த மாற்றமே மின்னலையாகக் கம்பிவழி வருகிறது. இன்றைய ஸ்டுடியோ கண்டென்சர்கள் இதற்கு வேண்டிய மின்சாரத்தை மைக் கம்பி வழியாகவே வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவராகப் பெறுகின்றன. டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்துக்குள் அசைந்து தானே மின்சாரத்தை உண்டாக்குகிறது. சுருளின் எடையையும் சேர்த்துச் சுமப்பதால், உயர் அதிர்வெண்களின் நுண்ணிய அசைவுகளுக்கு அந்தச் சவ்வு அவ்வளவு விரைவாக ஈடுகொடுப்பதில்லை. கண்டென்சரில் மூச்சும் உதட்டசைவும்கூடக் கேட்பதும், டைனமிக்கில் அவை மங்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் எந்த மைக்குக்கும் "இது குரல், இது எதிரொலி" என்று பிரித்தறியும் திறன் கிடையாது. ஒரே திசைப்பாங்கு (எந்தத் திசை ஒலியை எவ்வளவு ஏற்கும் என்ற இயல்பு) கொண்ட ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டென்சரையும் வாயிலிருந்து ஒரே தொலைவில் வைத்து, குரல் ஒரே அளவில் கேட்குமாறு கெய்னை (ஒலியைப் பெருக்கும் அளவை) சரிசெய்தால், இரண்டிலும் அறையின் ஒலி ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் இருக்கும். டைனமிக் மைக்கில் அறை குறைவாகக் கேட்பதற்கு முதன்மைக் காரணம், அதன் வெளியீடு குறைவு என்பதால் நாம் அதனருகே நெருங்கிப் பேசுவதே. அந்த நெருக்கத்தைக் கண்டென்சரிலும் முதலில் முயன்று பாருங்கள். வாயிலிருந்து 40 செ.மீ. தொலைவிலுள்ள மைக்கை 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால், நேரடியாக வந்து சேரும் குரல் சுமார் 12 டெசிபல் உயர்கிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கிறது. எந்த விலையில் வாங்கும் மைக்கும் தராத மாற்றம் இது.

அடுத்தது திசை. பெரும்பாலான குரல் மைக்குகள் கார்டியாய்டு பாங்கு கொண்டவை. நேர் பின்புறத்திலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாகவே ஏற்கும். ஆகவே மின்விசிறியோ கணினியோ மைக்கின் முதுகுப்பக்கம் அமையுமாறு இருக்கையைத் திருப்புங்கள். கனத்த போர்வை ஒன்று இருந்தால், அதைப் பலர் செய்வதுபோல் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடாமல், உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள்; மைக்கின் கூர்ந்து கேட்கும் பக்கம் உங்களையும் உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவும் செய்தபின் பேசாமல் அரை நிமிடமும், பேசி அரை நிமிடமும் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரைச்சல் அப்போதும் உறுத்தினால் டைனமிக் வாங்குவதில் தவறில்லை. அறையைத் திருத்த வழியே இல்லாத வீடுகளுக்கு நானும் அதையே சொல்வேன்.

கேள்வி: சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் எதிரொலி நிற்குமா?

பதில்: நிற்காது. மெல்லிய அட்டையும், மெல்லிய ஃபோமும் உயர் அதிர்வெண்களை மட்டுமே சிறிது உறிஞ்சும். தாழ் அதிர்வெண்கள் அப்படியே தங்கிவிடுவதால் குரல் முன்பைவிட மந்தமாகக் கேட்கவும் கூடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு விரற்கடை தடிமன் அதற்கு எதுவுமே செய்யாது என்பது புரியும். துணிகள் நிறைந்த அலமாரி, மெத்தை, 10 செ.மீ. தடிமனுள்ள கண்ணாடி நார்ப் பலகை ஆகியவை பயன் தரும்.

கேள்வி: யு.எஸ்.பி. மைக் போதுமா, அல்லது எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முனை இணைப்பு) மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்க வேண்டுமா?

பதில்: நீங்கள் ஒருவரே, ஒரு கணினியில் பதிவு செய்வதாக இருந்தால் நல்ல யு.எஸ்.பி. மைக் போதும். அதற்குள்ளேயே மைக்கின் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பும், ஒலியை எண்களாக மாற்றும் கருவியும் அடங்கியிருக்கின்றன. மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். அது இல்லையென்றால் உங்கள் குரல் கணினிக்குள் போய்த் தாமதமாகத் திரும்பிவந்து பாடுவதையே குலைக்கும்.

இருவர் பேசும் நிகழ்ச்சி என்றால் நிலைமை வேறு. இரண்டு யு.எஸ்.பி. மைக்குகள் தனித்தனிக் கடிகாரங்களில் இயங்குவதால், நீண்ட பதிவில் இரண்டு குரல்களும் மெல்ல ஒன்றையொன்று விட்டு விலகும். இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்ஃபேஸில் அந்தச் சிக்கல் எழாது. பின்னாளில் விரிவாக்க எண்ணுபவர்களுக்கு, சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏ.டி.ஆர்.2100எக்ஸ் போன்று இரண்டு வகை வெளியீடுகளும் கொண்ட டைனமிக் மைக்குகள் நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

கேள்வி: பாட்காஸ்ட் காணொளிகளில் எங்கும் தென்படும் ஷூர் எஸ்.எம்.7பி வாங்கினேன். கெய்னை முழுவதும் திருப்பினாலும் குரல் சன்னமாக இருக்கிறது. கூடவே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். மைக்கில் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 1973-இல் வந்த எஸ்.எம்.7-இன் வழித்தோன்றலான இந்த மைக்கின் உணர்திறன் -59 டெசிபல் என்று குறிக்கப்பட்டிருக்கிறது, ரோடு என்.டி.1-ஏ போன்ற கண்டென்சருக்கு அது -32. அதாவது அதே குரலுக்கு இந்த மைக் 27 டெசிபல் குறைவாகத் தருகிறது. இதை ஈடுகட்ட ஏறத்தாழ 60 டெசிபல் கெய்ன் தேவை. எளிய இன்டர்ஃபேஸ்கள் பலவும் அந்த எல்லையை எட்டும்போது இரைச்சலையும் சேர்த்தே தூக்குகின்றன.

முதலில் மைக்கை ஒட்டி, 5 செ.மீ. அளவில் பேசுங்கள். அடுத்து, உச்சக் குரல் பதிவு மீட்டரில் -12 டெசிபலைத் தொட்டாலே போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது மீட்டரை மேல் எல்லைவரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை, பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். இதற்குப் பிறகும் இரைச்சல் உறுத்தினால், ஃபேன்டம் பவரில் இயங்கி மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையில் இணையும் சிறு ப்ரீஆம்ப் ஒன்று 20 டெசிபலுக்கு மேல் தூய்மையான கெய்னைத் தரும். இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கூடுதல் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டபிறகு இதை வாங்குங்கள். பலரும் இதை மறந்துவிட்டுப் பின்னர் வருந்துவதைப் பார்க்க மனம் வருந்துகிறது.

கேள்வி: பாடும்போது 'ப' வெடிக்கிறது, 'ச' கீச்சிடுகிறது. வேறு மைக் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு குறைகள். 'ப' வெடிப்பது சவ்வின்மேல் நேராக மோதும் மூச்சுக்காற்றால். மைக்குக்குச் சில செ.மீ. முன்னால் பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றைத் தடுக்கும் மெல்லிய திரை) வைத்து, மைக்கை வாய்க்கு நேராக அல்லாமல் கடைவாய்ப் பக்கமாகச் சாய்த்தால் பெருமளவு நீங்கும். நெருங்கிப் பாடும்போது கார்டியாய்டு மைக்குகளில் கீழ்ஸ்தாயி ஒலி தடித்துக் கேட்பதும் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைப் போடுங்கள்.

'ச' கீச்சிடுவதற்கோ மைக்கே காரணமாக இருக்கலாம். தெளிவு கூடியதுபோல் தோன்ற வேண்டும் என்பதற்காக உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் கண்டென்சர்கள் உள்ளன. இயல்பாகவே கூர்மையான குரலில் அவை காதைக் குத்தும். அத்தகைய குரலுக்கு விலை குறைந்த டைனமிக்கே பொருத்தமாக அமைவதும் உண்டு. நண்பர்களிடமிருந்து இரண்டு மூன்று மைக்குகளைக் கடன் வாங்கி, ஒரே பாடலின் ஒரே அடியை, ஒரே தொலைவில் பாடிப் பதிவு செய்து, ஒலியளவைச் சமமாக்கியபின் ஒப்பிட்டுக் கேளுங்கள். சமமாக்காமல் கேட்டால் உரத்து ஒலிப்பதே நல்லதாகத் தோன்றிவிடும்.