முட்டை ஓட்டைப் பார்த்து இனம் சொல்ல முடியுமா? அடை முட்டை, இன்குபேட்டர், நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: இன்ஸ்டாகிராமில் "அசல் கடக்நாத் அடை முட்டை, 90 சதவீதம் பொரிப்பு உறுதி" என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஒன்று 60 ரூபாய் வீதம் 12 முட்டைகள் வாங்கினேன். பார்சல் கட்டணம் 150 ரூபாய். முட்டைகள் இரண்டு நாள் கழித்து உடையாமல் வந்து சேர்ந்தன. அன்று மாலையே இன்குபேட்டரில் வைத்துவிட்டேன். மூன்று குஞ்சுகள்தான் பொரிந்தன. அவற்றில் ஒன்றின் காலும் தோலும் வெளிறிய மஞ்சளாக இருக்கின்றன. கேட்டால், "முட்டைக்கு யாரும் கியாரண்டி தர மாட்டார்கள்" என்கிறார் விற்றவர். எனக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?
(வாசகி, வண்ணாரப்பேட்டை)

பதில்: தங்கள் குறையில் பொரிப்பு எண்ணிக்கை, இனம் என்று இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. இவற்றில் முதலாவதை நிரூபிப்பது கடினம். கடக்நாத் கருங்கோழி என்பதால், இரண்டாவதற்கான சாட்சியாக அந்த மஞ்சள் குஞ்சு தங்கள் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருக்கிறது.

பொரியாத ஒன்பது முட்டைகளும் சேவல் சேராத கூமுட்டைகளாக இருந்திருக்கலாம். கரு கூடிய முட்டைகளாகவே இருந்து, வண்டியின் குலுக்கலில் உள்ளே இருக்கும் காற்றறை பிரிந்து கெட்டிருக்கலாம். தங்கள் இன்குபேட்டரின் சூடு தவறியிருக்கவும் கூடும். இம்மூன்றில் எது நடந்தது என்பதை 7-ஆம் நாள் இருட்டறையில் முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் பெருமளவு பிரித்தறிந்திருக்கலாம். கரு வளரும் முட்டையில் சிலந்திக் கால்களைப் போல இரத்த நாளங்கள் விரிந்திருக்கும். கூமுட்டை வெறும் மஞ்சள் ஒளியாகத் தெரியும். அன்று பன்னிரண்டில் எட்டு முட்டைகள் வெறுமையாகத் தெரிந்திருந்து, அதைத் தாங்கள் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பியிருந்தால், "உன் இன்குபேட்டர் சரியில்லை" என்று அவர் எளிதில் தட்டிக் கழித்திருக்க முடியாது. 18-ஆம் நாளுக்குப் பிறகு ஓட்டுக்குள்ளேயே இறந்த குஞ்சுகளுக்கு விற்றவரைக் குறை சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. அந்தக் கட்டத்தில் சூடும் ஈரப்பதமும் தங்கள் பொறுப்பில்தான் இருந்தன. பார்சலில் வரும் முட்டைகளில் பாதி பொரிந்தாலே நல்ல பலன் என்று அனுபவமுள்ளோர் கணக்கிடுவார்கள் என்பதையும், வந்த முட்டைகளைக் கூர்முனை கீழாக 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்த பிறகே இன்குபேட்டரில் ஏற்ற வேண்டும் என்பதையும் அடுத்த முறைக்காக நினைவில் கொள்ளுங்கள்.

ஆயினும், "90 சதவீதம் உறுதி" என்று எழுதி விற்றவர் இப்போது "கியாரண்டி இல்லை" என்று சொல்வது ஏற்கத்தக்கதன்று. தக்க சோதனையின் அடிப்படை இல்லாமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் கூறுவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. அந்த விளம்பரம் நீக்கப்படுவதற்கு முன் திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள்.

இனி இனத்திற்கு வருவோம். கடக்நாத் என்பது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்கு உரிய கருங்கோழி. அதன் குஞ்சு நீலம் கலந்த கருப்பாகவும், முதுகில் ஒழுங்கற்ற கருங்கோடுகளுடனும் இருக்கும். தோல், கால், அலகு, நாக்கு எல்லாம் கருமை படர்ந்தவை. எனவே வெளிறிய மஞ்சள் தோலுடன் ஒரு குஞ்சு வந்தது என்றால், தாய்க் கூட்டத்தில் வேறு இரத்தம் கலந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மற்ற இரண்டும் கருப்பாக இருப்பதால் அவை தூய்மையானவை என்றும் எண்ணிவிடாதீர்கள். அந்தக் கருமையைத் தரும் மரபணு ஓங்கு தன்மை உடையது; கலப்பில் பிறந்த குஞ்சிலும் அது வெளிப்படக்கூடும். முட்டையைப் பார்த்து இனத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. கடக்நாத் முட்டையின் ஓடு வெளிர் பழுப்பு நிறம் கொண்டது. இணையத்தில் சுற்றும் கரிய நிற முட்டைப் படங்கள் பொய். "புவிசார் குறியீடு பெற்ற முட்டை" என்று சிலர் விற்பதும் ஏமாற்று. 2018-இல் ஜாபுவாவுக்குக் கிடைத்த அக்குறியீடு கடக்நாத் இறைச்சிக்கு உரியது; ஓர் ஊரில் எவரோ வளர்க்கும் கோழியின் முட்டைக்கு அது சான்று ஆகாது. இனத்திற்குச் சான்று தாய்க் கூட்டம் ஒன்றே. அடுத்த முறை வாங்குவதற்கு முன் சேவலும் பெட்டைகளும் ஒரே அடைப்பில் நிற்கும் காணொலியைக் கேளுங்கள். அந்த அடைப்பில் வேறு இனச் சேவல் நடமாடுவதைக் கண்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விற்றவர் இதைத் தொடர்ச்சியான வணிகமாகச் செய்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். பொழுதுபோக்காக வளர்த்து எப்போதாவது பத்து முட்டை விற்கும் தனிநபரை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. நாள்தோறும் விளம்பரம் போட்டு விற்பவர் அந்த விலக்கைக் கோர முடியாது. அவருக்கு விவரங்களை வரிசையாக எழுதி, 870 ரூபாயையும் திருப்பிக் கேட்டு, பதிலளிக்க ஒரு நாள் குறித்து அனுப்புங்கள். பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தாங்கள் வசிக்கும் வடசென்னைக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையே அணுகலாம். விற்றவரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். 870 ரூபாய்க்காக ஆணையத்தின் படியேற வேண்டுமா என்பது தங்கள் மனத்தைப் பொறுத்தது. நானாக இருந்தால் உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்வேன். முட்டை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் விலை சொல்லப்படும் கிளிமூக்கு விசிறிவால் கோழி இனத்தில் இப்படி ஏமாந்திருந்தால் நிறுத்த மாட்டேன்.

கேள்வி: பெரிய கடையில் "நாட்டுக்கோழி முட்டை" என்று பெட்டியில் விற்றதை வாங்கி அடை வைத்தேன். ஒன்றுகூடப் பொரியவில்லை. இது மோசடி அல்லவா?
(வாசகர், எண்ணூர்)

பதில்: மோசடி அன்று. அவை உண்பதற்கு விற்கப்பட்டவை. பொரியும் என்று எவரும் சொல்லவில்லை. பண்ணைகளில் முட்டைக்கோழிகள் சேவல் இல்லாமலேயே முட்டை இடுகின்றன. பழுப்பு ஓடு நாட்டுக்கோழிக்கு அடையாளமும் ஆகாது. பழுப்பு முட்டை இடும் பண்ணை இனங்கள் இருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது உண்மையில் நாட்டுக்கோழி முட்டைதானா என்று தாங்கள் கேட்டிருந்தால், அது நியாயமான வேறொரு புகார்.

கேள்வி: ராயபுரத்தில் கடற்கரைச் சாலைக்கு அருகில் குடியிருக்கிறோம். மாடியில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டினக் கோழிகள் ஐந்து உள்ளன. 30 முட்டை கொள்ளும் இன்குபேட்டர் வாங்க எண்ணுகிறேன். தெர்மாகோல் பெட்டியில் பல்பு பொருத்தியது மலிவாகக் கிடைக்கிறது. தானியங்கி இயந்திரத்தின் விலை அதைப்போல் நான்கு மடங்கு. எதை வாங்கலாம்?
(வாசகர், ராயபுரம்)

பதில்: ஐந்து பெட்டைகள் இருக்கும் வீட்டில் ஒன்று அடைக்கு உட்காரும்போது அதன் அடியில் 10 முதல் 12 முட்டை வைத்துவிட்டால் இயந்திரமே வேண்டாம் என்பது என் முதல் கருத்து. சிறுவிடை நல்ல தாய், மின்கட்டணம் கேட்பதில்லை. இடிச் சத்தத்தில் கரு கெடாதிருக்க அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் போட்டு வைக்கும் வழக்கம் பாட்டிமார்களுக்கு உண்டு. அதனால் பலன் உண்டோ இல்லையோ, கோழி அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

இயந்திரம் வேண்டும் என்றே முடிவு செய்தால், விலைக்கு முன்னால் சூட்டைப் பாருங்கள். மின்விசிறி உள்ள பெட்டியில் 21 நாளும் 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். திரையில் 37.5 என்று காட்டுவதை நம்பிவிடாதீர்கள். மூடிய சிறு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, முட்டை வைக்கும் இடத்தில் ஓர் இரவு முழுவதும் வைத்திருங்கள். காலையில் திறந்து, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அத்தண்ணீரின் சூட்டை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கருவி துல்லியமாக அளப்பது இதே எல்லைக்குள்தான். இச்சோதனையை இரண்டு நாள், முட்டை இல்லாமல், பொருளைத் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் செய்யுங்கள். பலரும் நேராக முட்டைகளை அடுக்கிவிட்டு, 22-ஆம் நாள் குறை கண்டுபிடிக்கும்போது அக்கெடு முடிந்துபோயிருக்கிறது.

ஈரப்பதத்திற்காகத் தனிக் கருவி விற்க முற்படுவார்கள். தங்கள் தெருவுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அறையில் 30 டிகிரி சூடும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடற்காற்று பெட்டிக்குள் 37.5 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதமாக இறங்கும். முதல் 18 நாட்களுக்கு வேண்டிய அளவும் ஏறக்குறைய அதுவே. கடைசி மூன்று நாட்களுக்கு மட்டும் 65 சதவீதத்திற்கு மேல் வேண்டும். ஒரு தட்டுத் தண்ணீரும் ஈரத்துணியும் அதற்குப் போதும்.

மின்வெட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரம் நிற்கும் நாட்களில், மூடியைத் திறக்காமல் போர்வையைச் சுற்றிவைத்தால் சென்னை வெயிலில் பெட்டி மெதுவாகவே ஆறும். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தாங்காதது சூடு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, பல்பு அணையாமல் எரிந்து, 40 டிகிரிக்கு மேல் ஏறினால் ஒட்டுமொத்தமும் போய்விடும். ஆகவே, இன்வெர்ட்டர் இணைப்பு உண்டா என்று கேட்பதைவிட, சூடு மிகுந்தால் தனியே துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட் உண்டா என்று கேட்பதே முக்கியம். தெர்மாகோல் பெட்டிகளில் இதை அரிதாகவே பொருத்துகிறார்கள். அதனாலும், தெர்மாகோலும் எரியும் பல்பும் அருகருகே இருப்பதில் தீ ஆபத்து உள்ளதாலும், நான் தானியங்கி இயந்திரத்தின் பக்கமே சாய்வேன். பல்பு வகையை வாங்குவோர், எல்.இ.டி. பல்பை மாட்டினால் சூடு வராது என்பதை மறக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று: "30 முட்டை" என்பது பண்ணை முட்டையின் கணக்கு. சிறுவிடை முட்டை அதைவிடச் சிறியது. குழிக்குள் ஆடிக்கொண்டு, முட்டைகளைப் புரட்டுவதற்காகத் தட்டு சாயும்போது சரியாகப் புரளாது. தங்கள் வீட்டு முட்டை இரண்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் பறவைச் சந்தையில் "ஒரு மாத நாட்டுக்கோழிக் குஞ்சு, தடுப்பூசி போட்டது" என்று சொன்னதை நம்பிப் பத்து வாங்கினேன். நான்காம் நாளிலிருந்து பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, ஏழு இறந்துவிட்டன. விற்றவரை எப்படிக் கேட்பது? இனியாவது எங்கே வாங்குவது?
(வாசகர், கொடுங்கையூர்)

பதில்: தாங்கள் சொல்லும் அறிகுறிகள் இராணிக்கெட் எனப்படும் கோழிக்கழிச்சல் நோயை நினைவூட்டுகின்றன. தொற்றிய பின் அது வெளிப்பட வழக்கமாக ஐந்தாறு நாட்கள் ஆகும். இரண்டே நாளிலும் வெளிப்படலாம். எனவே குஞ்சுகள் நோயோடுதான் வந்தன என்று நாள் கணக்கை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது. இறந்த குஞ்சைப் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே அரசு கால்நடை மருத்துவரிடம் பிணப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ச் சீட்டு வாங்கியிருந்தால் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருந்திருக்கும். ரசீதும் இல்லை, சீட்டும் இல்லை என்றால், விற்றவரின் மனச்சாட்சியைத்தான் நம்ப வேண்டும். எஞ்சிய மூன்றையும் தனியே ஒதுக்கி, அந்த இடத்தைக் கிருமிநாசினியிட்டுக் கழுவுங்கள். உடனே புதிய குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம்.

"தடுப்பூசி போட்டது" என்ற சொல்லுக்குத் தேதி கேளுங்கள். முதல் வாரத்தில் கண்ணில் இடும் சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுசுற்று, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது இராணிக்கெட்டுக்கு வழக்கமான வரிசை. மருந்தின் பெயரையும் நாளையும் சொல்லத் தடுமாறுபவர் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவார முகாமில் இத்தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறார்கள்.

"நாட்டுக்கோழி" என்பதற்கும் விளக்கம் கேட்க வேண்டும். வனராஜா, கிராமப்ரியா, கிரிராஜா போன்றவை புறக்கடை வளர்ப்புக்காக ஆய்வு நிலையங்கள் உருவாக்கிய நல்ல இனங்கள். ஆனால் வண்ணச் சிறகைக் காட்டி அவற்றை நாட்டு இனமாக, நாட்டு இனத்தின் விலைக்கு விற்பது தவறு. "இதன் தாய் அடைக்கு உட்காருமா?" என்று கேட்டுப் பாருங்கள். அடை படுக்கும் குணம் அவற்றில் மிகக் குறைவு. தெருவில் சாயம் பூசி விற்கும் கலர் குஞ்சுகளோ, முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள்.

வாங்குவதற்குக் கொடுங்கையூருக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இப்போது என்ன இனம் இருக்கிறது, எத்தனை நாள் குஞ்சு, முன்பதிவு வேண்டுமா என்று நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கு வாங்கினாலும் இனம், வயது, போட்ட தடுப்பூசி, தேதி ஆகிய நான்கையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பாலினம் பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக வரும் என்பதை எண்ணி வாங்குங்கள். பத்து வாங்கினால் ஐந்து சேவல்கள் விடியற்காலை நாலரைக்கே கூவும், அடுத்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.