முட்டி வலி நிஜம்தான், லீவு போட்டதுக்கு காரணம் வேற: மார்ச் மாசம் என்பிஏ டிக்கெட் எடுக்கறவங்களுக்கு

கேள்வி: வணக்கம் சார். நாங்க அமெரிக்காவுல இருக்கோம், பையனுக்கு 11 வயசு, பேஸ்கட்பால்னா உசுரு. அவன் பர்த்டேக்காக மார்ச் கடைசில ஒரு என்பிஏ மேட்சுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நாலு டிக்கெட் எடுத்து வச்சேன். முந்தின நாள் சாயங்காலம் பாத்தா அவனுக்குப் பிடிச்ச பிளேயர் பேருக்கு நேரா 'கொஸ்டினபிள் (ஆடறது சந்தேகம்), முட்டி வலி'ன்னு போட்டிருந்தாங்க, மேட்ச் அன்னிக்கு அது 'அவுட்' ஆயிடுச்சு. நேர்ல போனா அவர் பெஞ்சுல ஹூடி போட்டுக்கிட்டு சிரிச்சுப் பேசிட்டு உக்காந்திருக்காரு, டீம் முப்பது பாயின்ட்ல தோத்துச்சு. பக்கத்து சீட்காரர் "இது டேங்கிங், வேணும்னே தோக்கறாங்க"ன்னாரு. நிஜமா வலியா இல்ல நடிப்பா? அடுத்த வருஷம் ஏமாறாம டிக்கெட் எடுக்க என்ன பாக்கணும்?

பதில்: பையன நினைச்சா பாவமாத்தான் இருக்கு. முதல்ல உங்க ரெண்டு கேள்விக்கும் பதில சொல்லிடறேன். வலி அனேகமா நிஜம். ஆனா அவர உக்கார வச்ச முடிவு முட்டியப் பாத்து எடுத்ததா இருக்காது, பாயின்ட் டேபிளப் பாத்து எடுத்ததா இருக்கும். இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடற விஷயம் இல்ல, ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம், அதனாலதான் யாரையும் கையும் களவுமா பிடிக்க முடியறதில்ல.

82 மேட்ச் ஆடற லீக் அது. அக்டோபர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் பாதி வரைக்கும், வாரத்துக்கு மூணு நாலு மேட்ச், நடுவுல ஃப்ளைட்டு. மார்ச் மாசம் எந்த பிளேயர ஸ்கேன் எடுத்தாலும் முட்டிலயோ முதுகுலயோ கணுக்கால்லயோ ஏதாவது ஒண்ணு தெரியத்தான் செய்யும். நான் காலேஜ் டீம்ல ஆடினப்போ வீங்கின கணுக்கால்ல டேப்ப சுத்திக்கிட்டு ஃபைனல் ஆடிருக்கேன், அதே காலக் காட்டி அதுக்கு முந்தின வாரம் ஒரு சப்ப மேட்சுக்கு லீவும் போட்டிருக்கேன், கோச்சும் சரின்னாரு. ரெண்டு நாளும் கால் ஒண்ணுதான், வலியும் ஒண்ணுதான். அதனால "அடிபட்டிருக்கா"ன்னு கேக்காதீங்க, "இதே வலியோட பிளேஆஃப்ல ஆடியிருப்பாரா"ன்னு கேளுங்க. ஆடியிருப்பாருன்னு தோணிச்சுன்னா அந்த லீவுக்கு காரணம் முட்டி இல்ல.

சரி, தோத்தா என்ன லாபம்? பிளேஆஃபுக்குப் போகாத 14 டீமுக்கு நடுவுல ஒரு லாட்டரி குலுக்கல் நடக்கும், அதுல ஜெயிக்கற டீம்தான் அந்த வருஷம் வர்ற புதுப் பசங்கள்ல முதல் ஆள எடுக்கும். இப்படி ஆள் எடுக்கற உரிமைக்குப் பேருதான் 'பிக்', அஞ்சாவது பிக்னா அஞ்சாவதா எடுக்கலாம். எவ்வளவு மோசமா ஆடினோமோ அவ்வளவு சான்ஸ். 1985க்கு முன்னாடி இந்த லாட்டரியே கிடையாது, கிழக்கு, மேற்குன்னு லீக்க பிரிச்சிருக்கற ரெண்டு கான்ஃபரன்ஸோட கடைசி டீமும் காசு சுண்டிப் போட்டு முடிவு பண்ணுவாங்க, அதுல ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 1983, 1984னு தொடர்ந்து ரெண்டு வருஷம் ஜெயிச்சு ரால்ஃப் சாம்ப்சன், ஹகீம் ஒலாஜுவான்னு ரெண்டு மலைய தூக்கிட்டுப் போச்சு. வேணும்னே தோத்தாங்கன்னு பெரிய புகார் கிளம்பி, அடுத்த வருஷமே லாட்டரி வந்துச்சு. அப்பறம் எத்தனையோ தடவை கணக்க மாத்திட்டாங்க. 2019ல மாத்தின கணக்குப்படி கடைசி மூணு டீமுக்கும் ஆளுக்கு 14 சதவீதம், அதுக்கு முன்னாடி கடைசி டீமுக்கு மட்டும் 25 சதவீதம் இருந்துச்சு. ரொம்ப மோசமா தோக்கறதுல லாபம் இருக்கக் கூடாதுன்னுதான் இப்படிக் குறைச்சாங்க. குறைஞ்சுதான்னா, உங்க மார்ச் மேட்சே சாட்சி.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு, இவ்வளவு தோத்தும் கடைசில கைக்கு எட்டாமப் போறதுதான் அடிக்கடி நடக்குது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2023ல கடைசி டீம், கிடைச்சது அஞ்சாவது பிக். 2024ல மறுபடியும் கடைசி, அந்த சீசன்ல வரிசையா 28 மேட்ச் தோத்தாங்க, மறுபடியும் அஞ்சாவது. 2025ல யூட்டா ஜாஸ் 17 ஜெயிச்சு 65 தோத்து கடைசில நின்னுச்சு, அவங்களுக்கும் அஞ்சாவது. முதல் பிக் யாருக்குப் போச்சுன்னா 1.8 சதவீத சான்ஸ் வச்சிருந்த டல்லாஸுக்கு, அந்த வருஷம் எல்லாரும் ஆசைப்பட்ட புதுப் பையன் கூப்பர் ஃப்ளாக்க கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அப்பறம் ஏன் இன்னும் பண்றாங்கன்னா, சில பேருக்குப் பலிச்சிருக்கு. ஒக்லஹோமா சிட்டி தண்டர எடுத்துக்கோங்க. 2021 மார்ச்ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. அவங்க ஸ்டார் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு பாதத்துல பிளான்டர் ஃபாசியைட்டிஸ், காலைல எந்திரிச்சு கால கீழ வச்சா குதிகால்ல ஊசி குத்தற மாதிரி இருக்குமே அது, மீதி சீசன் முழுக்க வெளிய உக்காந்துட்டாரு. அது உண்மையான நோவு, யாரும் சந்தேகப்படல. அதே மாசம் டீமோட சீனியர் ஆல் ஹார்ஃபர்டுக்கு ஒரு நோவும் இல்ல, "இனிமே சின்னப் பசங்கள ஆட விடப் போறோம், நீங்க உக்காருங்க"ன்னு வெளிப்படையாவே சொல்லி உக்கார வச்சாங்க, அவரும் மீதி சீசன் ஆடல. அந்த வருஷம் மே 1ஆம் தேதி இண்டியானா பேசர்ஸ்கிட்ட சொந்த ஊர்லயே 57 பாயின்ட் வித்தியாசத்துல தோத்தாங்க. அடுத்த வருஷமும் தோத்தாங்க, ரெண்டாவது பிக் கிடைச்சு செட் ஹோம்கிரன் வந்தாரு. நாலு வருஷம் கழிச்சு 2025 ஃபைனல்ஸ், எதிர்ல அதே பேசர்ஸ், ஏழாவது மேட்ச்ல ஜெயிச்சு கப்ப தூக்கினாங்க, ஷேதான் அந்த வருஷ எம்விபி, அதாவது சீசனோட சிறந்த பிளேயர். இத பாத்துட்டு எந்த ஜெனரல் மேனேஜர் சும்மா இருப்பாரு? டிக்கெட் வாங்கி அந்த 57 பாயின்ட் தோல்விய உக்காந்து பாத்தவங்கள யாரும் நினைக்கறது இல்லைங்கறது வேற விஷயம்.

லாட்டரி சான்ஸ விட இன்னொண்ணு இருக்கு, ரசிகர்கள்ல பாதி பேர் இத கவனிக்கறதே இல்ல: வாக்குக் கொடுத்த பிக். ஒரு டீம் முன்னாடி எப்பவோ ஒரு பிளேயர வாங்கறப்போ "எங்க பிக்க உங்களுக்குத் தரோம், ஆனா அது முதல் பத்துக்குள்ள வந்தா எங்களுக்கே"ன்னு எழுதிக் கொடுத்திருக்கும். அப்போ பதினோராவதா வந்தா பிக் போச்சு, பத்தாவதா வந்தா கைல இருக்கும். இந்த மாதிரி டீம்தான் கடைசி ரெண்டு வாரத்துல பயங்கரமா 'அடிபடும்'.

நல்ல உதாரணம் டல்லாஸ் மாவரிக்ஸ், 2023 ஏப்ரல் 7, சிகாகோ புல்ஸோட மேட்ச். அன்னிக்கு டல்லாஸுக்கு பிளே-இன், அதாவது பிளேஆஃபுக்கு முந்தின தகுதி ரவுண்டு, போற வாய்ப்பு இன்னும் இருந்துச்சு. ஆனா அவங்க பிக்க நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுக்கணும், முதல் பத்துக்குள்ள வந்தா மட்டும் கொடுக்க வேண்டாம். என்ன பண்ணாங்க? ஸ்டார் பிளேயர் கைரி இர்விங்குக்கு பாதம், ஒருத்தருக்கு கணுக்கால், ஒருத்தருக்கு தொடை, ரெண்டு பேருக்கு சும்மா ரெஸ்ட். இன்னொரு ஸ்டார் லூக்கா டான்சிச் முதல் குவார்ட்டர் ஆடிட்டு ரெண்டாவது தொடங்கின கொஞ்ச நேரத்துலயே வெளிய வந்துட்டாரு. மூணு பாயின்ட்ல தோத்தாங்க, வெளியேறினாங்க. லீக் 7.5 லட்சம் டாலர் ஃபைன் போட்டுச்சு. பிக் பத்தாவதா கைல நின்னுச்சு, அத வச்சு நடத்தின டிரேடுல (டீமுக்கு டீம் ஆள் மாத்திக்கற பேரம்) டெரெக் லைவ்லி வந்தாரு, அடுத்த வருஷமே டல்லாஸ் ஃபைனல்ஸ் போச்சு. 7.5 லட்சம் அவங்களுக்கு பிரியாணி செலவு மாதிரி. என்னக் கேட்டா இந்த மாதிரி ஃபைன் தண்டனையே இல்ல, பார்க்கிங் டிக்கெட் மாதிரி விலை.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா எல்லாரையும் நடிகர்னு சொன்ன பாவம் வரும். ஃபிலடெல்ஃபியா 2024-25ல பிக்க ஒக்லஹோமாவுக்குக் கொடுக்கணும், முதல் ஆறுக்குள்ள வந்தா கொடுக்க வேண்டாம். அவங்க ஸ்டார் ஜோயல் எம்பீட் அந்த சீசன்ல ஆடினது வெறும் 19 மேட்ச், பிப்ரவரி கடைசில மொத்தமா நிறுத்திட்டாங்க, ஏப்ரல்ல முட்டில ஆபரேஷன். இது டேங்கிங்கா? அந்த முட்டிய பாத்தவங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஆனா அவர் இல்லாம தோத்ததுல டீமுக்கு மூணாவது பிக் கிடைச்சதும் உண்மை. 1996-97ல சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் அப்படித்தான், ஸ்டார் டேவிட் ராபின்சனுக்கு முதல்ல முதுகு, திரும்பி வந்து ஆறு மேட்ச் ஆடினதும் பாதம் உடைஞ்சுது, டீம் 20 ஜெயிச்சு 62 தோத்துது, லாட்டரில டிம் டங்கன் கிடைச்சாரு, அதுக்கப்பறம் அஞ்சு கப்பு. உடைஞ்ச எலும்ப யாரும் திட்டம் போட்டு உடைக்கறது இல்ல.

அப்பறம் பக்கத்து சீட்காரர் "வேணும்னே தோக்கறாங்க"ன்னது பாதிதான் சரி. கோர்ட்ல ஓடறவன் தோக்க ஆடறது இல்ல. அவங்க பாதி பேர் சின்ன கான்ட்ராக்ட்ல இருக்கற பசங்க, அந்த இருபது நிமிஷம்தான் அவங்க வாழ்க்கை, உசுரக் கொடுத்து ஆடுவாங்க. தோக்கற வேலை மேல ஆபீஸ்ல முடிஞ்சுடும், யார ஆட விடறதுங்கற லிஸ்ட்லயே. ரொம்ப அபூர்வமா கோர்ட்லயும் நடக்கும், 2006ல சீசனோட கடைசி மேட்ச்ல மினசோட்டாவோட மார்க் மேட்சன், வளையத்துக்குப் பக்கத்துல நின்னு முட்டி மோதற ஆளு, தூரத்துலேர்ந்து போடற மூணு பாயின்ட் ஷாட்டா ஏழு போட்டாரு, ஏழும் வெளிய. சிரிப்பா இருக்கும், ஆனா அந்த டீமுக்கும் பிக் கை மாறற கவலை இருந்துச்சு. பிளேயரே காசுக்காக நோவு வந்த மாதிரி நடிச்சு வெளிய போறது தனிக் கதை, டொரன்டோவோட ஜான்டே போர்ட்டர் பெட்டிங்க்காக அப்படிப் பண்ணி 2024 ஏப்ரல்ல ஆயுள் தடை வாங்கினாரு. அதையும் இதையும் சேத்துப் பேசாதீங்க.

இப்போ டிக்கெட் விஷயம். ஆடாத பிளேயருக்காக காசு திரும்பக் கிடைக்காது, அத மனசுல வச்சுக்கிட்டு ஆரம்பிங்க. குறிப்பிட்ட ஒரு ஆளப் பாக்கணும்னா நவம்பர்லேர்ந்து ஜனவரிக்குள்ள எடுங்க. அப்போ எல்லா டீமுக்கும் ஆசை இருக்கும், டேபிள் இன்னும் திறந்து கெடக்கும். பிப்ரவரில டிரேட் டெட்லைன் (ஆள் மாத்திக்க கடைசி நாள்), ஆல்-ஸ்டார் பிரேக் (ஸ்டார்கள் மட்டும் ஆடற காட்சி மேட்சுக்கான லீவு) ரெண்டும் முடிஞ்சதும்தான் கடைசில கெடக்கற டீமெல்லாம் கடைய சாத்த ஆரம்பிக்கும். பர்த்டே மார்ச்லதான் வருதுன்னா, அதோட கான்ஃபரன்ஸ்ல பத்தாவது இடத்துக்குள்ள இருக்கற டீமா பாருங்க, ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் பிளே-இன் இருக்கறதால அங்க ஒவ்வொரு மேட்சும் காசு. அந்த டீம் பிக் யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கான்னு கூகுள்ல ஒரு தடவை தேடிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்தடுத்த நாள் ரெண்டு மேட்ச் இருக்கற ஷெட்யூல்ல ரெண்டாவது நாள் டிக்கெட் எடுக்காதீங்க, டேங்கிங்கே இல்லாத டீம் கூட அன்னிக்குத்தான் ரெஸ்ட் கொடுக்கும். தேசிய சேனல்ல வர்ற மேட்ச் கொஞ்சம் பாதுகாப்பு. 2023லேர்ந்து ஒரு ரூல் இருக்கு, முந்தின மூணு சீசன்ல ஆல்-ஸ்டார் மேட்சுக்கோ, வருஷத்தோட சிறந்த டீம்னு அறிவிக்கற ஆல்-என்பிஏவுக்கோ தேர்வானவங்கள ஸ்டார்னு வச்சு, அவங்கள காரணமில்லாம உக்கார வச்சா முதல் தடவை ஒரு லட்சம் டாலர், அடுத்தது ரெண்டரை லட்சம், அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவையும் முந்தின ஃபைன விட பத்து லட்சம் கூட. யூட்டா ஜாஸ் 2025 மார்ச்ல லாரி மார்க்கனன் விஷயத்துல இதுலதான் ஒரு லட்சம் கட்டினாங்க, அந்த மேட்ச் வாஷிங்டனோட, அதாவது கடைசி டீமும் அதுக்கு முந்தின டீமும். அப்படி ரெண்டு டீம் மோதற மேட்ச் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு, அவர் அந்த சீசன்ல எத்தனை மேட்ச் ஆடலன்னு எண்ணிப் பாருங்க. எம்விபி மாதிரி பெரிய அவார்டுக்கெல்லாம் 65 மேட்ச் ஆடியிருக்கணும். 17க்கு மேல விட்டுட்டாருன்னா அவருக்கே அவசரப்பட்டு திரும்பி வர காரணம் குறைஞ்சு போகும்.

இன்ஜுரி ரிப்போர்ட் முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள டீம் கொடுக்கணும். கொஸ்டினபிள்னா பாதிக்குப் பாதின்னு அர்த்தம், ஆனா ஜெயிக்க வேண்டிய டீமோட கொஸ்டினபிளும் தோக்க வேண்டிய டீமோட கொஸ்டினபிளும் ஒண்ணு இல்ல, ரெண்டாவத நான் 'அவுட்'னே படிப்பேன். எலும்பு முறிவு, சுளுக்குன்னு பேர் சொல்லி திரும்பி வர நாளும் சொன்னா நம்பலாம். 'சோர்னஸ்', 'இன்ஜுரி மேனேஜ்மென்ட்', 'ரீகண்டிஷனிங்'னு வாரா வாரம் உடம்புல இடம் மாத்தி மாத்தி வந்தா, ஸ்கூலுக்கு மட்டம் போட நம்ம சொன்ன வயித்து வலிய நினைச்சுக்கோங்க.

முடிஞ்சா ரெண்டு மாசம் முன்னாடி வாங்கறத விட்டுடுங்க. இந்த மாதிரி டீமோட டிக்கெட் சீசன் கடைசில மறுவிற்பனை ஆப்ல சல்லிசா வரும், ரிப்போர்ட் வந்த பிறகு மேட்ச் அன்னிக்கே எடுத்தா நஷ்டம் குறைவு. பையன்கிட்ட மட்டும் எங்க போறோம்னு முன்கூட்டி சொல்லாதீங்க. போனா மேட்சுக்கு முன்னாடி கதவு திறக்கறப்போவே உள்ள போயிடுங்க, ஆடாத பிளேயர் கூட சில நாள் வார்ம்-அப்ல வந்து ஷாட் போடுவாங்க, அந்த நேரத்துல கோர்ட் ஓரத்துல நிக்கற பசங்களுக்கு கையெழுத்து கிடைச்சத நானே பாத்திருக்கேன்.