பெர்மிட் இல்லாம குதிரை ஏறினவனுக்கு நஷ்டஈடு கிடையாதா?

கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. தம்பிக்கு 24 வயசு, எட்டாவதோட படிப்பு நின்னு போச்சு. பக்கத்து மாநிலத்துல ஒரு ரேஸ் கோர்ஸ்ல ஆறு வருஷமா ரைடிங் பாய், அதாவது காலைப் பயிற்சில குதிரை ஓட்டற பையன். தினம் காலைல நாலரைக்கு எழுந்து ட்ராக் ஒர்க்குக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணா நாலஞ்சு குதிரை ஏறி ஓட்டணும், சம்பளம் மாசம் 14,000, டிரெய்னர்தான் ஜிபேல போடுவாரு. போன வருஷம், அதாவது 2025 மார்ச்ல, வேகமா ஓடிட்டிருந்த குதிரை மிரண்டு ட்ராக் ஓரத் தடுப்புக் கம்பி பக்கம் இழுத்துட்டுப் போய் தூக்கி எறிஞ்சிருச்சு. இடுப்பு எலும்பு முறிவு, தோள்பட்டை முறிவு, அஞ்சு மாசம் படுக்கை. டிரெய்னர் 40,000 கொடுத்தாரு, ஒரு வெள்ளை பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாரு, ஹாஸ்பிடல்ல "பைக்ல விழுந்தேன்னு சொல்லு"ன்னு சொல்லிக் கொடுத்தாரு. இப்போ மேற்கொண்டு கேட்டா, "உன் தம்பிக்கு ரேஸ் நடத்துற கிளப் கொடுக்குற ரைடிங் பெர்மிட்டே கிடையாது, டிரெய்னிங்ல இருந்தவன், ரூல்படி அவன் ரைடரே இல்ல, கேஸ் போட்டா உங்களுக்குத்தான் பிரச்னை"ங்கறாராம். இதுக்கு நடுவுல ஒரு ஏஜெண்ட் வந்து, ஒன்றரை லட்சம் கொடுத்தா 'இன்டர்நேஷனல் ஒர்க் ரைடர் சர்டிபிகேட்'டும் துபாய் வேலையும் வாங்கித் தர்றேன்னு சொல்றானாம். என்ன செய்யலாம்னு கேக்குறாங்க.

அக்கா, முதல்ல அந்த பயமுறுத்தலை ஒதுக்கி வைங்க. பெர்மிட் இல்லைங்கறது உங்க தம்பி கேஸை கெடுக்காது, சரியா பிடிச்சா அது டிரெய்னர் கழுத்துக்குத்தான் கயிறு.

ஏன்னு சொல்றேன். ரேஸ் கோர்ஸ்ல லைசென்ஸ், பெர்மிட், அப்ரண்டிஸ் புக்னு இருக்கறதெல்லாம் கிளப்போட சொந்த ரூல். யார் குதிரை ஏறலாம், யார் ரேஸ்ல ஓட்டலாம்னு ஸ்டூவர்ட்ஸ்ங்கற கிளப் அதிகாரிங்க முடிவு பண்றாங்க, பையன் ஓட்டுறதைப் பார்த்து, திருப்தியா இருந்தா கொடுப்பாங்க. நல்ல ஏற்பாடுதான், ஒரு குதிரை 450, 500 கிலோ இருக்கும், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது தெரியாதவன் மேல இருந்தா அவனுக்கும் ஆபத்து பக்கத்துல வர்றவனுக்கும் ஆபத்து. ஆனா அந்த ரூலை மீறினா கிளப் ஃபைன் போடலாம், சஸ்பெண்ட் பண்ணலாம், அவ்வளவுதான். நாட்டுச் சட்டப்படி ஒருத்தன் தொழிலாளியா இல்லையாங்கறதை அது முடிவு பண்ணாது. அதுக்கு வேற கேள்வி கேப்பாங்க. யார் வேலை கொடுத்தா, யார் சம்பளம் போட்டா, யார் "இந்தக் குதிரையை இன்னிக்கு 1000 மீட்டர் போ"ன்னு சொன்னா. மூணுக்கும் உங்ககிட்ட பதில் இருக்கு.

இப்போ முக்கியமான விஷயம். இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948-ல 51-பி ன்னு ஒரு பிரிவு இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது, சில வக்கீலுங்களுக்கே தெரியாது. தொழிலாளி தனக்குப் பொருந்துற ஒரு சட்டத்தை மீறியிருந்தாலும் சரி, முதலாளி உத்தரவை மீறியிருந்தாலும் சரி, யாரும் சொல்லாமலே செஞ்சிருந்தாலும் சரி, அந்தக் காரியத்தை முதலாளி தொழிலுக்காகத்தான் செஞ்சான்னா, அந்த மீறல் இல்லாம இருந்தா அது வேலை விபத்தா இருந்திருக்கும்னா, அது வேலை விபத்தாவே கருதப்படும். உங்க தம்பி டிரெய்னரோட குதிரையை டிரெய்னர் சொல்லித்தான் ஏறினான், கடற்கரையில சவாரி போகல. நாட்டுச் சட்டத்தை மீறினவனுக்கே இந்தப் பாதுகாப்பு இருக்கும்போது கிளப் ரூலை மீறினதா சொல்றவனுக்கு எப்படி இல்லாம போகும்? இன்னொண்ணு, பெர்மிட் இல்லாத பையனை ஆறு வருஷமா குதிரை மேல ஏத்தினது யாரு? ரூல் புக்கை நான் பார்க்கல, ஒரு காப்பி கிடைச்சா அனுப்புங்க, பெர்மிட் எடுத்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு டிரெய்னர் மேல இருந்துச்சுன்னா தான் செஞ்ச தப்பையே தனக்கு சாக்கா காட்டுறாருன்னு அர்த்தம், அதை எந்த கோர்ட்டும் ரசிக்காது.

"டிரெய்னிங்ல இருந்தவன்"ங்கற வாதமும் நிக்காது. அப்ரண்டிஸ் சட்டம் 1961-ன்னு ஒண்ணு இருக்கு, அதுபடி முறையா கான்ட்ராக்ட் போட்டு பதிவு பண்ணின அப்ரண்டிஸ்தான் இஎஸ்ஐக்கு வெளியே. ரேஸ் கோர்ஸ்ல சொல்ற அப்ரண்டிஸ் வேற. அந்த 1961 சட்டத்துக்குள்ள வராத அப்ரண்டிஸ் எல்லாரும் தொழிலாளிதான்னு இஎஸ்ஐ சட்டமே சொல்லுது. ஆறு வருஷம் டிரெய்னிங்காம், எம்பிபிஎஸ்சே அஞ்சரை வருஷத்துல முடியுது.

அடுத்து "அவன் கேஷுவல்"னு சொல்வாங்க, எழுதி வைச்சுக்கோங்க. ரேஸ் கிளப்புங்க இதை ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போய் தோத்திருக்காங்க. பெங்களூர் டர்ஃப் கிளப் கேஸ்ல 2014 ஜூலை 31-ம் தேதி, ரேஸ் கிளப் இஎஸ்ஐ சட்டத்துக்குள்ள வர்ற நிறுவனம்தான்னு மூணு நீதிபதிங்க தீர்ப்பு. அப்புறம் 2016 பிப்ரவரி 29, மும்பை-புனே கிளப்பான ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப் கேஸ்ல, ரேஸ் நாள்ல மட்டும் வந்து வேலை செய்யற கேஷுவல் ஆளுக்கும் இஎஸ்ஐ உண்டுன்னு சொல்லிட்டாங்க. தினம் காலைல வந்த உங்க தம்பியை எப்படி வெளியே தள்றது?

ஆனா ஒண்ணை நேர்மையா சொல்லணும். அந்த ரெண்டு கேஸும் கிளப்போட ஆளுங்களைப் பத்தினது. உங்க தம்பி டிரெய்னரோட ஆள். அதனால கிளப் "எங்க ஆள் இல்ல"ங்கும், டிரெய்னர் "நான் தனி ஆள், கம்பெனி இல்ல"ங்குவாரு. ரெண்டு பேரையும் சேர்த்தே எதிர் தரப்பா போடணும். கிளப் இடத்துல வேலை, கிளப் கேட் பாஸ், காலைல ட்ராக் எத்தனை மணிக்கு திறக்கறதுன்னு முடிவு பண்றது கிளப், டிரெய்னருக்கே லைசென்ஸ் கொடுக்கறது கிளப், அப்போ மேற்பார்வை யார் கையில இருக்குன்னு கேக்கலாம். டிரெய்னரையும் தனியா பிடிக்கலாம், 22 குதிரைன்னு எழுதியிருக்கீங்க, ஒரு சையிஸ் (குதிரையைப் பராமரிக்கறவர்) மூணு குதிரை பார்த்தாலே எட்டு சையிஸ் ஆச்சு, அதோட ரைடிங் பாய்ஸ், ஜமேதார் (லாய மேஸ்திரி), வாட்ச்மேன், 10 பேர் கணக்கு தாராளமா தாண்டும்.

என்ன கிடைக்கும்? வேலை விபத்துன்னா இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கணும்னு கணக்கே கிடையாது, வேலைக்கு சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. சம்பளம் 21,000-க்குள்ள இருக்கறதால தம்பி வரம்புக்குள்ள வர்றான். படுத்திருந்த அஞ்சு மாசத்துக்கு சம்பளத்துல 90 சதவீதம், தோராயமா 63,000. அதுக்கப்புறம் மெடிக்கல் போர்டு பார்த்து நிரந்தர ஊனம்னு சதவீதம் போட்டா, அதுக்கேத்த மாதிரி ஆயுசு பூரா மாசப் பணம். டிரெய்னர் சந்தா கட்டவே இல்லையேன்னு கேப்பீங்க, கட்டாதது அவர் குத்தம், 68-ம் பிரிவுப்படி இஎஸ்ஐ கார்ப்பரேஷன் உங்களுக்குக் கொடுத்துட்டு அவர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். அந்த ஊர் இஎஸ்ஐ மண்டல அலுவலகத்துக்கு எழுத்துல புகார் கொடுங்க, ஒப்புகை வாங்குங்க. அங்க இழுத்தடிச்சா இஎஸ்ஐ கோர்ட், அதுக்கு மூணு வருஷ கெடு.

இஎஸ்ஐ "இவர் எங்க வரம்புல வரல"ன்னு எழுத்துல சொல்லிட்டா ரெண்டாவது வழி, 1923-ம் வருஷ தொழிலாளர் நஷ்டஈட்டு சட்டம். ரெண்டுலயும் வாங்க முடியாது, இஎஸ்ஐ சட்டம் 53-ம் பிரிவு தடுக்கும், அதான் வரிசை முக்கியம். இதுல கெடு ரெண்டு வருஷம், 2027 மார்ச். தாமதத்துக்கு காரணம் சொல்லி மன்னிப்பு கேக்கலாம்தான், ஆனா கேக்கற நிலைமைக்கு போகாதீங்க, இஎஸ்ஐ பதில் வராட்டியும் அந்த தேதிக்கு முன்னாடி மனு உள்ள போயிருக்கணும். ஒரு சௌகரியம், இந்த மனுவை நீங்க குடியிருக்கற ஏரியாவுக்கான தொழிலாளர் துணை ஆணையர்கிட்டயே போடலாம், அந்த ஊருக்கு அலைய வேண்டாம். கணக்கு இப்படி வரும், 14,000-ல 60 சதவீதம் 8,400, விழுந்தப்போ 24 வயசுன்னா சட்டத்துல உள்ள பெருக்குத்தொகை 218.47, பெருக்கினா 18,35,148. டாக்டர் சம்பாதிக்கற திறன்ல 30 சதவீதம் போச்சுன்னு எழுதினார்னா சுமார் 5,50,500. மேல 12 சதவீதம் வட்டி, வேணும்னே கட்டாம இருந்ததுக்கு 50 சதவீதம் வரைக்கும் அபராதமும் போடலாம். ஆனா இந்தச் சட்டத்துல எந்தெந்த வேலைக்குப் பொருந்தும்னு ஒரு அட்டவணை இருக்கு, யானை, காட்டு மிருகம் பழக்கறவங்க அதுல இருக்காங்க, ரேஸ் குதிரைக்காரனை அங்க நுழைக்க ஒரு சண்டை போடணும். அதனாலதான் இஎஸ்ஐயை முதல்ல சொன்னேன். (2025 நவம்பர் 21-ல இருந்து புது சமூகப் பாதுகாப்பு தொகுப்புச் சட்டம் வந்துடுச்சேன்னு யாராவது குழப்பினா, விபத்து மார்ச்ல நடந்துச்சு, பழைய சட்டம்தான்னு சொல்லுங்க.)

வெள்ளை பேப்பர் கையெழுத்து பத்தி ரொம்ப கவலை வேணாம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்தேன்னு எழுதிக்கிட்டாலும் 1923 சட்டம் 17-ம் பிரிவுப்படி அது செல்லாது. ஆனா இன்னிக்கே ரிஜிஸ்டர் தபால்ல ஒரு லெட்டர் போடுங்க, இந்தத் தேதில வெற்றுத்தாள்ல கையெழுத்து வாங்கினீங்க, அதுல என்ன எழுதினாலும் எனக்கு சம்மதம் இல்லைன்னு நாலு வரி போதும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தர்றது அந்த பைக் கதைதான். ஹாஸ்பிடல் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பில பைக்னு ஏறியிருந்தா எதிர் தரப்பு அதைத்தான் பிடிச்சுத் தொங்குவாங்க. முதல்ல காப்பி வாங்கிப் பாருங்க, சில சமயம் டூட்டி டாக்டர் தானே விசாரிச்சு வேற மாதிரி எழுதியிருப்பார். பைக்னே இருந்தா, எந்த பைக், எந்த ரோடு, எஃப்ஐஆர் எங்கன்னு நாம திருப்பிக் கேக்கலாம். காலைல ட்ராக் ஒர்க் நடக்கும்போது கிளப் ஆம்புலன்ஸ் நிக்கும், அதுல கொண்டு போனதா எழுதியிருக்கீங்க, அப்போ அந்த ட்ரிப் பதிவு ஒண்ணு இருக்கணும், அதைக் கேட்டு நோட்டீஸ் விடலாம். கேட் பாஸ், ஜிபே ஸ்டேட்மெண்ட் ஆறு வருஷத்துக்கு, டிரெய்னர் ராத்திரி அனுப்பற வாய்ஸ் மெசேஜ், கூட இருந்த சையிஸ் ஒருத்தர். அப்புறம் ஒரு விஷயம், இங்கிலீஷ் பேப்பர் ஸ்போர்ட்ஸ் பக்கத்துல காலை ட்ராக் ஒர்க் ரிப்போர்ட் வரும், எந்த குதிரை எத்தனை மீட்டர் எத்தனை செகண்ட்ல ஓடுச்சுன்னு. ஜாக்கி ஓட்டினா பேர் போடுவாங்க, ரைடிங் பாய் ஓட்டினா வெறும் 'ஆர்.பி'ன்னு ரெண்டு எழுத்து. உங்க தம்பி ஆறு வருஷமா பேப்பர்ல வந்திருக்கான், பேர் இல்லாம. அந்த நாட்களோட ரிப்போர்ட்டையும் டிரெய்னர் வாய்ஸ் மெசேஜையும் பக்கத்துல பக்கத்துல வைச்சா, குதிரை பேரும் தூரமும் பொருந்தினா, அதைவிட நல்ல அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் கிடையாது.

குதிரைப் பந்தயம் சூதாட்டமா திறமையான்னு மெட்ராஸ் ரேஸ் கிளப் கேஸ் வந்தப்போ 1996 ஜனவரி 12-ல உச்ச நீதிமன்றம் திறமைதான்னு சொல்லி காப்பாத்துச்சு, குதிரைக்கு கொடுக்குற பயிற்சி, ஜாக்கியோட திறமை எல்லாத்தையும் சொல்லித்தான் அந்த முடிவுக்கு வந்தாங்க. காலைல அந்தப் பயிற்சியைக் கொடுக்கறவன் ரைடரே இல்லைன்னு இவங்க சொல்றது எனக்கு சிரிப்பா இருக்கு.

சர்டிபிகேட் ஏஜெண்டுக்கு வர்றேன். உலகம் பூரா செல்லுபடியாகற ஒர்க் ரைடர் சர்டிபிகேட்னு ஒண்ணு கிடையாது. அந்தந்த நாட்டு ரேஸிங் அமைப்புதான் பார்த்து அனுமதி கொடுக்கும். இங்கிலாந்துல நியூமார்க்கெட்ல பிரிட்டிஷ் ரேஸிங் ஸ்கூல் இருக்கு, அயர்லாந்துல கில்டேர்ல 1973-ல இருந்து ஒரு அகாடமி நடக்குது, அங்கெல்லாம் பையன் வாரக்கணக்குல தங்கி, லாயம் கூட்டறதுல இருந்து குதிரை ஏறி நிக்கிற வரைக்கும் இன்ஸ்ட்ரக்டர் பார்த்துத்தான் பாஸ் போடுவார். காசு வாங்கிட்டு லேமினேட் பண்ணித் தர்றது வெறும் காகிதம். தம்பிக்கு உண்மையா உதவப்போறது, வேலை செஞ்ச டிரெய்னர்ங்ககிட்ட வாங்கற அனுபவக் கடிதமும் அவன் ஓட்டுற வீடியோவும்தான், பழைய டிரெய்னர் ஒருத்தர் நல்லவர்னு எழுதியிருக்கீங்களே, அவரைக் கேளுங்க.

துபாய்க்குப் போறதா இருந்தா, எட்டாவது வரை படிச்சதால பாஸ்போர்ட் ஈசிஆரா (குடியேற்ற அனுமதி தேவைப்படற வகை) இருக்கும், அரசோட இமைக்ரேட் இணையதளம் வழியா குடியேற்ற அனுமதி வாங்கித்தான் போகணும். விசிட் விசால போய் மாத்திக்கலாம்னு ஏஜெண்ட் சொன்னா அங்கேயே எழுந்து வந்துடுங்க. 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு இல்லாம ஆள் அனுப்பறது குற்றம், பதிவு பண்ணின ஏஜெண்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது, இவன் ஒன்றரை லட்சம் கேக்குறான், அதுலயே ஆள் யாருன்னு தெரியுது. முறையா போனா பிரவாசி பாரதிய பீமா யோஜனால 10 லட்சம் விபத்து காப்பீடு, ரெண்டு வருஷத்துக்கு பிரீமியம் வெறும் 275 ரூபாய்.

ஆனா இப்போ போகவே வேணாம்ங்கறதுதான் என் கருத்து. மெடிக்கல் போர்டு பார்க்கறதுக்கு முன்னாடி அவன் வெளிநாட்டுல குதிரை ஏறிட்டா, "நல்லாத்தானே இருக்கான்"னு இங்க கேஸ் அடிபட்டுப் போகும், இடுப்பு எலும்பு சேர்ந்துச்சான்னு தெரியாம ஏறினா அங்க அவனும் அடிபடுவான்.

விழுந்தப்போ போட்டிருந்த ஹெல்மெட் பின்பக்கம் பிளந்து வீட்ல கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. அதைக் கழுவாதீங்க, ட்ராக் மண்ணு ஒட்டியிருந்தா இருக்கட்டும், அப்படியே ஒரு பையில போட்டு கட்டி வைங்க. தம்பியோட பழைய போனையும் விக்க வேணாம்.