சோப்புத் தட்டு கறுத்துப்போனதற்கு

நண்பரே, ரப்பர் மரத்தில் தட்டு செய்து மூன்று கோட் வார்னிஷ் அடித்தும் இரண்டே மாதத்தில் கறுத்து உப்பிவிட்டது என்கிறீர்கள். வார்னிஷை மட்டும் குறை சொல்ல முடியாது. ரப்பர் மரம் மேசை நாற்காலிக்குச் சரி, ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். தேக்குக்கு மாறுங்கள். நிலை, கதவு செய்யும் பட்டறையில் துண்டுக்கட்டை கேட்டுப் பாருங்கள். வெளிறிய வெள்ளைப் பகுதி வேண்டாம், வைரம் பாய்ந்த பழுப்புக் கட்டைதான் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு அறுத்த முனையில்தான் தொடங்கியிருக்கிறது. மரத்தின் நுண்குழாய்கள் அங்கேதான் வாய் திறந்திருக்கும், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வார்னிஷில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உள்ளே போன ஈரம் வெளியே வராது.

அதனால் எண்ணெய்தான் என் கட்சி. பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய்) என்று கேளுங்கள். தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நாளாவது காயவிட்டு மறுபடி தடவுங்கள். முனைகளுக்கு மட்டும், மரம் எண்ணெய் குடிப்பதை நிறுத்தும்வரை தடவுங்கள். அப்புறம், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

ஒரே பலகையாக வேண்டாம். 8 மி.மீ. இடைவெளி விட்டு ரீப்பர்களாக, அதாவது ஒடுக்கமான மரச்சட்டங்களாக அடுக்கினால் தண்ணீர் வடியும். திருகு பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்கட்டும். நான் முதலில் செய்ததில் இரும்பு ஆணி அடித்துவிட்டு, ஆணிக்கு ஆணி கறுப்பு வளையம் பார்த்தேன்.