மசாஜ் தெரபி படிக்க விரும்பும் மகளும் உறங்காத தாயும்: ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பள்ளிப் படிப்பை முடித்த உங்கள் மகள் மசாஜ் தெரபி படிக்கப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து உறக்கமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இது மரியாதையான தொழில்தானா, முன்பின் அறியாதவர்களின் உடலைத் தொடும் வேலையில் அவள் பாதுகாப்பாக இருப்பாளா என்பவை உங்கள் கேள்விகள். இரண்டும் நியாயமானவை. ஆனால் பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தாள்களில் இவற்றுக்கு விடை கிடைக்காது. அங்கே படித்தவர்கள் நாள்தோறும் எதைச் செய்தார்கள், எதில் தடுமாறினார்கள் என்பதைக் கேட்டால்தான் விளங்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர்கள் சொன்னவற்றைக் கொண்டே பதில் எழுதுகிறேன்.

இந்தப் படிப்பில் சேர்பவர்களைப் பெரும்பாலும் முதலில் திகைக்க வைப்பது உடற்கூறியல். கைத்தொழில் என்று நினைத்து வந்தவர்கள், 206 எலும்புகளையும் 600க்கும் மேற்பட்ட தசைகளில் முக்கியமானவற்றையும் படிக்க வேண்டியிருப்பதைக் கண்டு மலைக்கிறார்கள். பெயரை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒரு தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே சென்று பிடிக்கிறது, அது சுருங்கினால் எந்த மூட்டு எப்பக்கம் அசைகிறது என்பதைத் தோலின் மேல் விரலை வைத்தே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். தோள்மூட்டைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் என்ற நான்கு தசைகளின் தொகுதியை விரலால் உணர்ந்து பிரித்தறியவே தனக்குப் பல வாரங்கள் ஆயின என்று ஒரு மாணவி சொன்னார். புத்தகத்தில் தனித்தனி நிறத்தில் பளிச்சென்று தெரிவது உடலில் அப்படித் தெரிவதில்லை. படிப்பை இடையில் விடுவோரில் சிலர் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்கள். ஆகவே, கட்டணம் செலுத்தும் முன் ஓர் உடற்கூறியல் பாடநூலை மகளிடம் கொடுத்து, ஒரு வாரம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடுமாற்றம் பெற்றோர் பலரும் எதிர்பாராத ஒன்று. செய்முறை வகுப்பில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் மசாஜ் செய்து பழகுகிறார்கள்; எனவே ஏறத்தாழப் பாதி நேரம் உங்கள் மகளும் மேசையில் படுத்திருப்பாள். பிறரைத் தொடுவதைவிடத் தம்மைத் தொடவிடுவது கடினமாக இருந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். உடல் முழுவதையும் துணியால் மூடி, அப்போது கை வைக்கும் பகுதியை மட்டும் விலக்கி, முடிந்ததும் மீண்டும் மூடுவது முதலில் கற்பிக்கப்படும் பாடங்களில் ஒன்று. எந்தப் பகுதியில், எதற்காக, எவ்வளவு அழுத்தத்துடன் தொடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் பெறுவதும் அத்துடன் சேர்ந்தே வருகிறது. கூச்ச சுபாவம் உள்ள ஒரு மாணவி, "அழுத்தம் அதிகம், நிறுத்துங்கள்" என்று வாய்திறந்து சொல்லப் பழகியதையே தன் படிப்பின் பெரிய பேறாகக் கருதினார். வரம்பு மீறும் வாடிக்கையாளரிடம் எந்த வார்த்தைகளில் மறுப்பது, எப்போது சிகிச்சையை நிறுத்திவிட்டு அறையை விட்டு வெளியேறுவது என்பதை வகுப்பில் நடித்துப் பழக்கும் பள்ளிகள் உண்டு. உங்கள் பாதுகாப்புக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இப்பயிற்சி பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் இடம்பெறுகிறது என்று நிர்வாகத்திடம் நேராகவே கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

மரியாதை பற்றிய உங்கள் கவலை புதிதன்று. 1894இல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் தகாத செயல்கள் நடப்பதாக மருத்துவ இதழ் ஒன்று எச்சரித்தபோது, பயிற்சி பெற்ற செவிலியர் நால்வர் தம் தொழிலின் பெயரைக் காக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பயிற்சி, தேர்வு, மருத்துவரின் வழிகாட்டுதலின் பேரில் மட்டுமே சிகிச்சை என்று கட்டுப்பாடுகளை வகுத்தார்கள். அந்தச் சங்கமே வளர்ந்து இன்று பிரிட்டனின் பிசியோதெரபி வல்லுநர்களுக்கான அமைப்பாக நிற்கிறது. அந்த நால்வரும் கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தால் அந்தத் தொழிலின் வரலாறே வேறாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான். இந்தத் தொழிலில் முதலில் தேய்வது கட்டைவிரல். விரல் வலிமையால் மட்டும் அழுத்தும் மாணவர்களுக்குச் சில மாதங்களிலேயே கட்டைவிரலின் அடிமூட்டிலும் மணிக்கட்டிலும் வலி தொடங்கிவிடுகிறது. நல்ல ஆசிரியர்கள் மாணவரின் கையைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்ப்பார்கள்: ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்கிறாரா, முதுகு நிமிர்ந்திருக்கிறதா, மேசை தன் உயரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா, தசைபலத்துக்குப் பதிலாக உடல் எடையைச் சாய்த்து அழுத்துகிறாரா, கட்டைவிரலுக்கு மாற்றாக முன்கையையும் முழங்கையையும் பயன்படுத்துகிறாரா என்று திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். மாணவப் பருவத்தில் இந்தத் திருத்தங்கள் எரிச்சலூட்டுகின்றன; தொழிலுக்கு வந்த பின் அவற்றுக்கு நன்றி சொல்லாதவரை நான் சந்தித்ததில்லை. நாள் முழுவதும் இடைவிடாமல் மசாஜ் செய்வது உடலால் தாங்கக்கூடியது அல்ல என்பதால், வருமானக் கணக்கை மற்ற அலுவலக வேலைகளைப் போல எட்டு மணி நேரத்தால் பெருக்கிப் பார்க்காதீர்கள்.

படிப்பின் பிற்பகுதியில் மாணவர் கிளினிக் வருகிறது. ஆசிரியரின் மேற்பார்வையில் வெளியாட்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இக்கட்டத்தில், யாருக்கு மசாஜ் செய்யக் கூடாது என்பதைக் கண்முன்னே கற்கிறார்கள். நீண்ட பயணம் முடிந்து வந்த ஒருவர் கெண்டைக்கால் வலி என்று படுத்தபோது, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பதைக் கவனித்த மாணவர், கை வைக்காமல் ஆசிரியரை அழைத்திருக்கிறார். ஆழ்சிரையில், அதாவது காலின் உட்புறத்தில் ஆழமாக ஓடும் இரத்தக் குழாயில், இரத்தம் உறைந்திருந்தால் அழுத்தம் அந்தக் கட்டியை நுரையீரலுக்கு நகர்த்திவிடக்கூடும் என்பதால், அவரை உடனே மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள். "அன்று நான் எதுவுமே செய்யவில்லை, ஆனால் அன்றுதான் தெரபிஸ்ட் ஆனேன்" என்று அந்த மாணவர் சொன்னது என் நினைவில் நிற்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் நோயாளி சொன்னது, தான் கண்டது, தன் மதிப்பீடு, அடுத்த திட்டம் என்று குறிப்பு எழுத வேண்டும். அதைச் சலிப்பாக நினைப்பவர்களுக்கு மருத்துவமனை சார்ந்த வேலைகள் பொருந்தா.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவள் எங்கே வேலை செய்ய விரும்புகிறாள் என்பதிலிருந்து தொடங்குங்கள். நியூயார்க் மாநிலம் உரிமம் வழங்க 1,000 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் இது சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவத் துறைத் தொழில். உரிமமே தேவைப்படாத இடங்களும் உண்டு. ஓரிடத்துச் சான்றிதழ் இன்னோர் இடத்தில் செல்லாமல் போகலாம். வகுப்பில் சொல்லப்படும் கருத்துகளையும் கவனியுங்கள். மசாஜ் உடலின் நச்சுகளை வெளியேற்றும், தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்தெடுக்கும் என்று கற்பிக்கும் இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடற்பயிற்சியால் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே கரைந்துவிடும். கீழ்முதுகு வலி பற்றி 2015இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் அறிக்கை), மசாஜ் குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்கலாம், ஆனால் அதற்கான சான்றுகள் வலுவற்றவை என்று அடக்கமாகவே சொல்கிறது. அந்த அடக்கத்தோடு பேசும் ஆசிரியரிடம் உங்கள் மகள் படிக்கட்டும்.

முடிவெடுக்கும் முன், அவள் விரும்பும் பள்ளியின் மாணவர் கிளினிக்குக்கு இருவருமாகச் சென்று, நீங்களே ஒரு முறை மசாஜ் செய்துகொள்ளுங்கள். தொடங்கும் முன் உங்கள் நோய்கள், மருந்துகள் பற்றி உங்களுக்கு மசாஜ் செய்யும் மாணவி கேட்கிறாரா, துணியை எப்படிக் கையாளுகிறார், மேற்பார்வை ஆசிரியர் அறைப்பக்கம் எத்தனை முறை வருகிறார் என்று பாருங்கள். முடிந்ததும் உங்கள் மகளை அந்த மாணவியுடன் சிறிது நேரம் தனியாகப் பேசவிட்டு, நீங்கள் வெளியே காத்திருங்கள்.