வாடகைக்கு வரம்பு உண்டு என்று அமைச்சர் பேசியதை எங்கே தேடுவது?

கேள்வி: கிளாஸ்கோவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது என்று அமைச்சர் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் அறிவித்ததாக நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டு உரிமையாளரோ அப்படியொன்றும் இல்லை என்கிறார். அமைச்சர் பேசியதையும் எங்கள் தொகுதி உறுப்பினர் வாக்களித்த விவரத்தையும் எங்கே பார்க்கலாம்? அதை உரிமையாளரிடம் ஆதாரமாகக் காட்டலாமா?

பதில்: நண்பர்கள் சொல்வதும் உரிமையாளர் சொல்வதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கக்கூடும். அவையில் பேசப்பட்டது, திருத்தமாக ஏற்கப்பட்டது, சட்டமாக நடைமுறைக்கு வந்தது ஆகிய மூன்றும் வெவ்வேறு ஆவணங்களில் பதிவாகின்றன. அவற்றுக்கிடையே மாதக்கணக்கிலும் சில சமயம் ஆண்டுக்கணக்கிலும் இடைவெளி விழுவதுண்டு.

நீங்கள் குறிப்பிடுவது வீட்டுவசதி மசோதாவாகத்தான் இருக்க வேண்டும். அது 2024 மார்ச்சில் அறிமுகமாகி 2025 செப்டம்பரில் நிறைவேறியது. அறிமுகமான வடிவத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கும் அதிகாரம் இருந்ததே தவிர, எத்தனை சதவீதம் என்ற எண் இல்லை. விலைவாசி உயர்வு விகிதத்தோடு ஒரு சதவீதம், எப்படியும் 6 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரையறை, அரசே கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, குழு ஆய்வின்போது உள்ளே வந்தது. ஆகவே மசோதா அறிமுகமானபோது வந்த செய்தியையோ மசோதாவின் முதல் பிரதியையோ வைத்துக்கொண்டு வாதாடினால் நீங்கள் தேடும் எண் அதில் அகப்படாது.

ஹோலிரூடில், அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில், ஒரு மசோதா மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதல் கட்டத்தில் பொறுப்புக் குழு சாட்சியம் கேட்டு அறிக்கை தர, அவை பொதுக் கொள்கையை ஏற்கிறது. இரண்டாம் கட்டத்தில் குழு பிரிவு பிரிவாகத் திருத்தங்களை எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் கட்டத்தில் 129 உறுப்பினர்கள் கொண்ட முழு அவை இறுதியாகத் திருத்தி வாக்களிக்கிறது. பெரும்பாலோர் மூன்றாம் கட்ட விவாதத்தைத்தான் தேடிப் படிக்கிறார்கள். உரைகள் சூடாக இருப்பதும் அங்கேதான். ஆனால் ஒரு சொல் ஏன் சேர்க்கப்பட்டது, எந்த விதிவிலக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கான விடை இரண்டாம் கட்டக் குழுக் கூட்டத்தின் பதிவில் இருக்கும் வாய்ப்பே அதிகம் என்பது என் கருத்து. எந்த உறுப்பினரும் அங்கே திருத்தம் கொடுத்துப் பேசலாம், வாக்களிப்பதோ குழுவின் உறுப்பினர்கள் மட்டுமே. உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் குழுவில் இல்லையென்றால் அந்த வாக்கெடுப்பில் அவர் பெயரைத் தேடுவது வீண்.

பேச்சுப் பதிவுக்கு ‘அஃபிஷியல் ரிப்போர்ட்’ என்று பெயர். நாடாளுமன்ற இணையதளத்தில் தேதி, பேசியவர், தலைப்பு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். அவைக் கூட்டத்தின் பதிவு பெரும்பாலும் அன்று மாலையோ இரவோ வெளியாகிவிடும். குழுக் கூட்டங்களுக்குச் சில நாட்கள் பிடிக்கும். திரும்பச் சொன்னவையும் வெளிப்படையான வாய்ப்பிழைகளும் களையப்பட்டு, மற்றபடி பேசியது பேசியபடியே அச்சாகும். உறுப்பினர் தவறான தகவல் சொல்லியிருந்தால் அதைத் திருத்தத் தனி நடைமுறை இருக்கிறது. எனவே மேற்கோள் காட்டுமுன் திருத்தக் குறிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாக்குப் பதிவில் ஒரு நுணுக்கம் உண்டு. அவைத் தலைவர் தீர்மானத்தை முன்வைத்து ஒப்புதல் கேட்கும்போது ஓர் உறுப்பினராவது ‘இல்லை’ என்று சொன்னால்தான் வாக்கெடுப்பு நடக்கும். அப்போது ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்ற தலைப்புகளின் கீழ் குடும்பப் பெயர் முதலாகவும், தொகுதியும் கட்சியும் அடைப்புக்குறிக்குள்ளும் அமைய ஒவ்வொரு பெயரும் அச்சாகும். யாரும் மறுக்காவிட்டால் ‘தீர்மானம் ஏற்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அதில் யார் அவையில் இருந்தார் என்றுகூடத் தெரியாது. இன்னொன்று: உங்களுக்கு ஒரு தொகுதி உறுப்பினரோடு ஏழு வட்டார உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எட்டுப் பேரின் வாக்கையும் பார்க்கலாம், எட்டுப் பேரில் எவருக்கும் எழுதலாம்.

இனி ஆதாரம் பற்றி. அமைச்சரின் பேச்சு சட்டமாகாது. சட்டத்தின் வாசகம் தெளிவற்றதாக இருந்து, மசோதாவைக் கொண்டுவந்தவர் அதுபற்றித் தெளிவாகப் பேசியும் இருந்தால் அந்த உரையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 1992இல் பெப்பர் எதிர் ஹார்ட் வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்சநிலை நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதற்கு அப்பால் உரையை நீட்டிக் காட்டிப் பயனில்லை. மசோதா நிறைவேறிய பிறகும் நான்கு வாரக் காத்திருப்பு உண்டு. அதற்குள் அரசின் தலைமை வழக்கறிஞர்களான சட்ட அதிகாரிகள் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம், ஐக்கிய இராச்சிய அமைச்சரும் குறுக்கிடலாம். பாலின அங்கீகார மசோதா 2023 ஜனவரியில் அப்படித்தான் நிறுத்தப்பட்டது. வீட்டுவசதி மசோதாவுக்கு அந்தச் சிக்கல் நேரவில்லை. ஆனால் அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் உயிர்பெறுவதில்லை. தனித்தனி விதிமுறைகள் மூலம் தொடங்கப்படுகின்றன. வாடகை வரம்பும் கட்டுப்பாட்டுப் பகுதி என்று முறைப்படி அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் பொருந்தும். ஆகையால் உரிமையாளரிடம் பேசப் போகுமுன், பிரிட்டிஷ் சட்டங்களின் அரசு இணையதளத்தில் 2025ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து வீட்டுவசதிச் சட்டத்தைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்றும் கிளாஸ்கோவைக் குறிப்பிட்டு விதிமுறை எதுவும் வெளியாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2022இல் அவசரச் சட்டமாக வந்த பழைய வாடகை வரம்பு 2024 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. பலர் இன்னமும் அதையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

அறிவிப்பு எப்போது வரும் என்று எந்த ஆவணத்திலும் தெளிவு கிடைக்காவிட்டால், உங்கள் உறுப்பினரிடம் எழுத்துமூலக் கேள்வி ஒன்றைத் தாக்கல் செய்யும்படி கேளுங்கள். வழக்கமாகப் பத்து வேலைநாட்களில் அரசு விடையளிக்க வேண்டும். விடை நிரந்தர எண்ணோடு எல்லோரும் பார்க்கும்படி பதிவாகும். ‘வாடகை வரம்பு குறித்து அரசின் நிலைப்பாடு என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். எந்தப் பிரிவு, எந்த மாநகராட்சி, எந்தத் தேதி என்று குறுக்கிக் கேட்பது நல்லது. அரசிடம் உள்ள உள் ஆவணங்கள் வேண்டுமென்றால் 2002ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் நீங்களே மின்னஞ்சலில் கேட்கலாம். அதற்குக் கெடு இருபது வேலைநாட்கள். பொது மனு கொடுக்க ஒரே கையொப்பம் போதும் என்றாலும், உங்கள் ஒருவரின் வாடகைத் தகராறை மனுக் குழு எடுத்துக்கொள்ளாது.

உயர்வு அறிவிப்பு ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டதென்றால் இந்தத் தேடலையெல்லாம் ஒத்திவையுங்கள். அதை எதிர்த்து வாடகை அதிகாரியிடம் முறையிடுவதற்கான கெடு குறுகியது. அறிவிப்பு கிடைத்த தேதியை எழுதி வைத்துக்கொண்டு, அந்த விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள்.