ஓநாய் வந்தால் ஆறு திரும்புமா?

கேள்வி: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் காட்டில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டதும் மான் குறைந்து, மரம் செழித்து, ஆறுகூடத் தன் போக்கை மாற்றிக்கொண்டதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் நாலு ஓநாயை விட்டு எந்தக் காட்டையும் மீட்டுவிடலாம்தானே?

பதில்: அந்த வீடியோவை எனக்கும் பலர் அனுப்பிவிட்டார்கள். முதலில், நாலு இல்லை, 31. 1995 ஜனவரியில் கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து 14, அடுத்த வருடம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17. அதற்கு முன் சுமார் 70 வருடம் அங்கே ஓநாய்க் கூட்டமே கிடையாது. 1926இல் கடைசிக் குட்டிகளைக் கொன்றது வேட்டைத் திருடர்கள் அல்ல, அந்தத் தேசியப் பூங்காவின் காவலர்களேதான்.

மான் குறைந்தது நிஜம். வடக்குப் பகுதியில் 1990களின் நடுவில் 19,000 வரை எண்ணிய எல்க் மான்கள், 2013இல் 4,000க்கும் கீழே. ஆனால் பழியோ புகழோ, முழுக்க ஓநாய் தலையில் கட்ட முடியாது. பிறந்த குட்டிகளைக் கிரிஸ்லி கரடி தின்றது. பூமா என்ற பெரிய காட்டுப்பூனையும் பெருகியது. குளிருக்குப் பயந்து பூங்கா எல்லையைத் தாண்டிய மானுக்குத் துப்பாக்கியோடு ஆள் காத்திருந்தான்.

எனக்குப் பிடித்தது ஓநாய் போடும் பந்திதான். பனியில் ஒரு எல்க் சாய்ந்ததும் அண்டங்காக்கைகள் ஆஜர். அப்புறம் கழுகு. ஓநாயைவிடச் சிறிய காட்டுநாயான கயோட்டி பம்மிப் பம்மி வரும். ஓநாயிடம் மாட்டினால் அதன் உயிரும் போகும். தூக்கம் கலைந்து வரும் கரடியோ, வேட்டையாடியவர்களையே விரட்டிவிட்டு இலையில் உட்கார்ந்துவிடும். முன்பு குளிர்காலக் கடைசியில் மொத்தமாகச் செத்து விழுந்த மான், இப்போது தவணை முறையில் கிடைக்கிறது.

சரி, ஆற்றுக்கு வருவோம். ஓநாய் இல்லாத காலத்தில் மான்கள் ஓடைக்கரையில் வளரும் வில்லோ என்ற புதர்மரத்தை மொட்டையடித்தன. வில்லோ போனதும், ஓடையில் குச்சியால் அணை கட்டி வாழும் பீவர் என்ற விலங்குக்குத் தீனியும் இல்லை, அணை கட்டக் குச்சியும் இல்லை, அதுவும் போயிற்று. அணை போன ஓடை வேகமெடுத்துத் தன் படுகையையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது, நிலத்தடி நீரும் கூடவே இறங்கியது. இன்று மான் கடிக்காமல் விட்டாலும் அங்கெல்லாம் வில்லோவின் வேருக்குத் தண்ணீர் எட்டாது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் சில ஓடைகளில் பீவர் வேலையைத் தாங்களே பார்த்தார்கள்: அணை கட்டி, மான் நுழையாமல் வேலியும் போட்டார்கள். இருபது வருடம் கவனித்ததில், இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வில்லோ ஓங்கி வளர்ந்தது. இரண்டும் இல்லாமல் ஓநாயை மட்டும் நம்பிய இடத்தில் வில்லோ இன்னும் குட்டையாகத்தான் நிற்கிறது. போதாக்குறைக்கு, எல்க் விட்டுவைத்ததைக் காட்டெருமை மேய்கிறது. அந்தக் காடே இன்னும் முழுசாக மீளவில்லை. நீங்கள் "எந்தக் காட்டையும்" என்கிறீர்கள்.

பீவர்கள் திரும்பியதற்கும் ஓநாய்க்கே மாலை போடுகிறார்கள். பூங்காவுக்கு வடக்கே உள்ள காட்டில் 1986 முதலே வனத்துறையினர் பீவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து ஓடை வழியே உள்ளே வந்து குடியேறியவையும் உண்டு. அந்த வனத்துறைக்காரர்களைப் பற்றி எனக்கு இதுவரை யாரும் வீடியோ அனுப்பவில்லை.